மேஜிக் ஷோவுக்கு டிக்கெட் தனியா?

பாலியில், குட்டா தெருவோரம் பணம் மாற்றுகிற கடைகளுக்கு மேஜிக் ஷோ என்றே பெயர் வைத்துவிடலாம். வங்கியைவிட நல்ல ரேட், கமிஷனே கிடையாது என்று இளிக்கிறது போர்டு. கொடுப்பதெல்லாம் அந்த ஊர்க் கணக்கில் சின்ன நோட்டான இருபதாயிரம் ரூப்பியா, கட்டுக் கட்டாக. நாம் எண்ணி முடித்ததும், "இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்று கடைக்காரர் வாங்கி மேஜையில் தட்டுவார். தட்டுகிற தட்டில் நாலைந்து நோட்டு அவர் பக்கம் விழுந்துவிடும். கேட்டால் உடனே கமிஷன் முளைக்கும்! சரி, கோயிலுக்காவது போகலாம் என்றால், உலுவத்துவில் குரங்கு மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு பழத்துக்குப் பேரம் பேசுகிறது. அதுவாவது வாங்கியதைத் திருப்பித் தருகிறது. லெம்புயாங் கோயில் வாசலில் படம் எடுக்க மணிக்கணக்காக வரிசை. படத்தில் அந்த வாசலுக்கு முன்னால் பார்த்த ஏரி எங்கேய்யா? போன் கேமராவுக்கு அடியில் பிடிக்கிற முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுதானாம் அது!