எங்கள் காக்காவுக்கு பேக்கிரவுண்ட் இல்லையாம்!

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வயிறு எரிகிறது. எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு மண்டபத்தில் குழந்தைகள் ஓவியப் போட்டி. கட்டணம் 250 ரூபாய். என் மகள் யூகேஜி. பால் கணக்கு நோட்டு, கரண்ட் பில், ஃப்ரிட்ஜ் கதவு என்று எதையும் விட்டுவைக்காமல் வரைகிறவள். ஆசையாகத்தான் கூட்டிப்போனேன். முதலில் என்னைச் சொல்ல வேண்டும்.

தலைப்பு, இயற்கைக் காட்சி. பெற்றோர் வெளியே நிற்க வேண்டும் என்று மைக்கில் சொன்னதுதான் தாமதம், எல்லோரும் ஜன்னலில் தொங்க ஆரம்பித்துவிட்டார்கள். "வெள்ளையா விடாதே, ப்ளூ அடி!" "சன் எங்கடா?" ஒருவர் கம்பிக்குள் கையை விட்டு மகனின் மலைக்கு ஷேடிங்கே போட்டுக்கொடுத்தார். ஒருத்தர் தட்டிக் கேட்கவில்லை.

அந்த மலையைச் சொல்லியே ஆக வேண்டும். எந்தப் பிள்ளையின் தாளைப் பார்த்தாலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. இந்தப் பிள்ளைகள் தினம் பார்க்கிற மலை என்று ஒன்று இருந்தால் அது பரங்கிமலைதான். ஆறு என்றால் அடையாறு, மூக்கைப் பொத்திக்கொண்டு. குடிசையும் மலையும் டிராயிங் கிளாஸில் மாசக்கணக்காக மனப்பாடம் செய்தவை. இதற்கு ஓவியப் போட்டி என்று எதற்குப் பெயர்? ஒப்புவித்தல் போட்டி என்றே வைத்துவிடலாமே.

என் மகள் காக்கா வரைந்தாள். காலையில் சாதம் வைத்தால் பால்கனி ஏசி மேல் வந்து உட்காருமே, அது. தாள் முழுக்கக் காக்கா. இடம் போதாமல் வால் மடங்கி மேலே ஏறியிருந்தது. கழுத்துக்கு மட்டும் கறுப்பை லேசாகத் தீற்றி, அதன்மேல் வெள்ளைக் கிரேயானைத் தேய்த்துச் சாம்பல் நிறம் கொண்டுவந்திருந்தாள். ஊர்க்காக்காவுக்குக் கழுத்து சாம்பல்தான். அண்டங்காக்காதான் முழுக் கறுப்பு. ஐந்து வயசுக் கண் அதைக் கவனித்திருக்கிறது. நடுவர் குனிந்து பார்த்தார். "காக்கா கறுப்பா இருக்கணும் பாப்பா. பேக்கிரவுண்டும் இல்லையே?"

மூன்று பரிசும் மூன்று மலைக்கு. ஸ்கூட்டரில் வரும்போது முன்னால் நின்றவள் திரும்பாமலே கேட்டாள்: "நம்ம காக்கா தப்பாப்பா?"

லிஃப்டில் ஒரு சார் எனக்கு ஆறுதல் சொன்னார். "போட்டி உலகம் சார், இப்பவே பழக்கணும்." எதுக்கு சார்? ஓட்டப்பந்தயம் என்றால் கோடு இருக்கிறது, யார் முதலில் தொட்டார் என்று கண்ணுக்குத் தெரியும். காக்காவுக்கு எந்த ஸ்கேலை வைத்து அளப்பீர்கள்?

இது பெற்ற வயிற்றின் பொருமல் மட்டும் இல்லை. அமெரிக்காவில் தெரசா அமாபைல் என்ற உளவியலாளர் 7 முதல் 11 வயது வரையுள்ள சிறுமிகளைக் காகிதம் ஒட்டிப் படம் செய்யச் சொன்னார். ஒரு கூட்டத்துக்குப் போட்டி வைத்துப் பரிசு, இன்னொரு கூட்டத்துக்குப் பரிசு வெறும் குலுக்கலில். போட்டியிட்டவர்களின் படங்களில்தான் கற்பனை குறைவு என்று ஓவியர்கள் மதிப்பிட்டார்கள். இது வெளிவந்தது 1982-இல். அதற்கும் முன்னால், 1973-இல் வெளியான இன்னொரு ஆய்வில், வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே ஆசை காட்டப்பட்ட நர்சரிப் பிள்ளைகள், பிறகு சும்மா விளையாடும் நேரத்தில் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் ஸ்கெட்ச் பேனாவைத் தொட்டார்கள். நாம் என்னடாவென்றால் சர்டிபிகேட்டை லேமினேட் செய்து ஷோகேஸில் மாட்டுகிறோம்.

பரிசு கொடுத்தே தீருவேன் என்றால் குலுக்கல் போடுங்கள், இல்லை எல்லாப் படத்தையும் கொடிக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள். தாத்தா பாட்டிகள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த மைக்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

மூன்று நாள் அவள் கிரேயான் டப்பாவைத் திறக்கவில்லை. நேற்று ராத்திரி திறந்தாள். எட்டிப் பார்த்தேன், இரண்டு முக்கோணம். "இதுக்குப் பிரைஸ் குடுப்பாங்களாப்பா?" என்றாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கோடு புதிதாக இல்லை.

இன்று காலை குரூப்பில் அடுத்த அறிவிப்பு வந்திருக்கிறது. கலரிங் போட்டி, மூன்று வயதிலிருந்து கலந்துகொள்ளலாமாம். மூன்று வயது! கிரேயானை வாயில் வைக்கிற வயசய்யா அது.