செவ்வாய் இரவு 8.45, ஒரே காட்சி

மாதக் கடைசியில், நான் வழக்கமாகப் போகும், எந்தப் பெரிய நிறுவனத்தையும் சேராத சின்ன தியேட்டரின் அடுத்த மாத அட்டவணை வந்துவிடும். ஒரே தாள், இரண்டு பக்கமும் பொடி எழுத்து. மின்னஞ்சலிலும் அனுப்புகிறார்கள். ஆனால் வாசலில் அடுக்கி வைத்திருப்பதில் ஒன்றை எடுத்து வந்து பென்சிலோடு உட்கார்ந்தால்தான் எனக்குப் படித்த மாதிரி இருக்கும். வட்டம் போட்டால் எப்படியும் போயாக வேண்டும். அடிக்கோடு போட்டால் முடிந்தால் பார்க்கலாம். கேள்விக்குறி போட்டால், இது என்ன படம், யார் எடுத்தது, ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இந்தத் தடவை தாள் வெளிவந்த அன்றே புலம்பலும் ஆரம்பமாகிவிட்டது. நண்பர்கள் குழுவில் ஒருவர் அதைப் படம் பிடித்துப் போட்டு, "மறுபடியும் கூடச் சேர்ந்து பாடுகிற ஷோவா? மறுபடியும் விடிய விடியப் பேய்ப் படமா? அப்புறம் எதற்கு சுயாதீனத் தியேட்டர் என்று பெயர்?" என்று கேட்டிருந்தார். ஆறேழு பேர் ஆமாம் போட்டார்கள். மூன்று வருடம் முன்பு என்றால் நானும் போட்டிருப்பேன். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய படத்தை ஒரே ஒரு தடவை திரையிட என்ன ஆகும் என்று நான் முன்பெல்லாம் யோசித்ததே இல்லை. டி.வி.டி. வட்டு கையில் இருந்தால் போட்டுவிட வேண்டியதுதானே என்று நினைத்தவன். வீட்டில் பார்க்கத்தான் வட்டு. நாலு பேரைக் கூட்டி டிக்கெட் போட்டுக் காட்ட வேண்டுமென்றால் திரையரங்க உரிமை தனி. அந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. தயாரித்த கம்பெனியை எப்போதோ மூடியிருப்பார்கள். உரிமை நாட்டுக்கு நாடு துண்டு துண்டாக விற்றுப் போயிருக்கும். ஆள் கிடைத்துவிட்டால், ஒரு குறைந்தபட்சத் தொகை அல்லது வசூலில் இத்தனை சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது என்பார். அதாவது, பதினொரு பேர் வந்தாலும் அந்தக் குறைந்தபட்சத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். 35 எம்.எம். பிரிண்டை, அதாவது ஃபிலிம் சுருளாக இருக்கும் பிரதியை, ஏதாவது ஆவணக் காப்பகத்திலிருந்து வாங்கினால் போக்குவரத்து, காப்பீடு எல்லாம் தனி. அதோடு நிபந்தனைகளும் வரும்: இரண்டு புரொஜெக்டர் இருக்க வேண்டும், ரீல்களை வெட்டி ஒட்டி ஒரே சுருளாக்கக் கூடாது.

பதினொரு பேர் என்று சும்மா சொல்லவில்லை. போன மாதம் ஒரு மௌனப் படத்துக்குப் போயிருந்தேன். பியானோ நேரடி வாசிப்பு. ஆட்களை எண்ணினேன், என்னையும் சேர்த்துப் பதினொன்று. வாசித்த அம்மாள் திரைக்கு இடது பக்கம், கீழே, ஒரு சின்ன விளக்கோடு உட்கார்ந்திருந்தார். எதிரே இசைக் குறிப்பு இருந்தது, ஆனால் அதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. கழுத்தை நிமிர்த்தித் திரையையே பார்த்துக்கொண்டு வாசித்தார். கதாநாயகி ஒரு கடிதத்தைப் பிரிக்கும் இடத்தில் கையை எடுத்துவிட்டார். மொத்த அரங்கிலும் சத்தமே இல்லை. பின்வரிசையில் யாரோ நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தது மட்டும் கேட்டது. கடிதத்தைப் படித்து அவள் நிமிர்ந்த பிறகு ஒரே ஒரு சுரம். அந்த ஒரு சுரத்துக்காகவே டிக்கெட் காசைத் திரும்பவும் கொடுக்கலாம்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் உறைத்தது. பழைய படம் என்றாலே ஆட்கள் கோழிக்குஞ்சு மாதிரி விடுவிடுவென்று ஓடுவார்கள் என்று நம் மனதில் ஒரு படம் இருக்கிறதே, அது அந்தப் படங்களின் குற்றம் இல்லை. அன்றைய கேமராவைக் கையால் சுற்றுவார்கள். விநாடிக்கு 16 சட்டமும் (ஃபிரேம்) இருக்கும், 20-ம் இருக்கும். 1920-களின் கடைசியில் ஒலி வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. 18-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் ஓடத்தானே செய்வார்கள்? வேகத்தை மாற்றக்கூடிய மோட்டார் வைத்து, சரியான வேகத்தில் ஓட்டினால், நூறு வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் நம்மைப் போலவேதான் நடக்கிறார்கள்.

படம் முடிந்து வெளியே வரும்போது டிக்கெட் கொடுக்கும் பெண்ணிடம், "இவ்வளவு நல்ல நிகழ்ச்சிக்குப் பதினொரு பேர்தானா? அந்தப் பாட்டு ஷோவுக்கு மட்டும் ஹவுஸ்ஃபுல் ஆகுதே" என்று அங்கலாய்த்தேன். அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே, நிமிராமல், "அந்த ஹவுஸ்ஃபுல்தான் சார் உங்க பதினொரு பேருக்குக் கரண்ட் பில் கட்டுது" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த பாட்டு ஷோவுக்கு நானும் போனேன், கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்கலாம் என்று. திரையின் அடியில் வரிகள் ஓடின. மூன்றாவது பாட்டில் கவனித்தேன், நான் வரிகளைப் பார்க்காமலேயே பாடிக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனால் 'சிறப்பு' என்ற சொல்லின் மேல் எனக்குக் கோபம் உண்டு. இந்த மாதத் தாளில் பதினாலு இடத்தில் இருக்கிறது. சிறப்பு அறிமுகம், சிறப்புப் பிரதி, சிறப்பு விருந்தினர். '35 எம்.எம்.மில் சிறப்புக் காட்சி' என்று போட்டால் போதும், ஒரு கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுகிறது. பிரிண்ட் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் ஐயா. 1950-களிலிருந்து 70-கள் வரை அச்சான ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ண ஃபிலிம் பிரிண்டுகளில் பல இன்றைக்கு வெறும் ரோஜா நிறம். சாயங்கள் ஒரே மாதிரி வெளிறுவதில்லை, சியான் என்கிற நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும். வானமும் சிவப்பு, புல்லும் சிவப்பு. அப்படி ஒன்றை இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு "ஆகா, ஃபிலிம்!" என்று பரவசப்படுவதை விட, ஒழுங்காக மீட்டெடுத்த டிஜிட்டல் பிரதியைப் பார்ப்பேன். 'வண்ணம் வெளிறிய பிரிண்ட், ஆனால் வேறு பிரதி கிடையாது' என்று அடியில் ஒரு வரி போட்டால், அதற்கும் மனதாரப் போவேன். எந்த வடிவம், எந்த நிலை, எந்த மொழியில் துணைத்தலைப்பு என்ற மூன்றையும் சொன்னால் போதும். சிறப்பா இல்லையா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நல்ல பிரிண்ட் ஓடுவதை மேலே, புரொஜெக்டர் இருக்கும் கேபினிலிருந்து ஒரு தடவை பார்க்க வாய்த்தது. ஆபரேட்டர் நல்ல மனிதர், ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். "வாயைத் திறக்கக் கூடாது" என்பது மட்டும்தான் நிபந்தனை. நிமிடத்துக்கு 90 அடி ஃபிலிம் ஓடும். 2,000 அடி ரீல் என்றால் ஏறக்குறைய 22 நிமிடம். இரண்டு மணி நேரப் படம் ஆறு ரீல், ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து மாற்றம். ஒரு ரீல் முடியும்போது படத்தின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு தோன்றி மறையும். முதல் பொட்டுக்கு அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு விநாடி கழித்து இரண்டாவது பொட்டு. அப்போது மாற்ற வேண்டும். அவ்வளவுதான், அந்த ஏழெட்டு விநாடியில்தான் அவருடைய மொத்த உத்தியோகமும். முதல் பொட்டுக்கு அரை நிமிடம் முன்பே எழுந்து நின்றுவிடுவார். ஒரு கை சுவிட்சில், கண் சின்னக் கண்ணாடிச் சன்னல் வழியே திரையில். நான்காவது மாற்றம் ஒரு கண்சிமிட்டல் தாமதம். கீழே ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மட்டும் காலில் சுத்தியல் விழுந்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். அதன் பிறகு எந்தப் பழைய பிரிண்டைப் பார்த்தாலும் என் கண் வலது மேல் மூலைக்கே போகிறது. இப்போது உங்களுக்கும் போகும். மன்னிக்கவும்.

டிஜிட்டலில் இந்த வித்தை தேவையில்லை, அதற்கு வேறு தலைவலி. படம் பூட்டிய கோப்பாக வரும். திறக்கிற சாவி தனியாக வரும், கே.டி.எம். என்பார்கள். அது படம் ஓட்டும் கணினியான இந்த சர்வருக்கு, இந்தத் தேதி இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை என்று கணக்காகச் செய்தது. ஒருமுறை ஒரு கேள்விக்குறிப் படத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறோம், விளக்கு அணையவே இல்லை. மேலாளர் முன்னால் வந்து நின்று, பழுதான சர்வரைப் போன வாரம் மாற்றினோம், வந்திருக்கும் சாவி பழைய சர்வருக்கானது என்றார். தப்பு எங்களுடையது, சொல்ல மறந்துவிட்டோம் என்றும் ஒப்புக்கொண்டார். புதுச் சாவி வர நாற்பது நிமிடம் ஆனது. இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஆரம்பித்தோம். அந்தத் தியேட்டரில் எனக்குப் பெயர் சொல்லித் தெரிந்த முகங்களில் பாதி அந்த நாற்பது நிமிடத்தில் அறிமுகமானவைதான்.

கேள்வி-பதில் நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. மைக் கைக்கு வந்ததும், "கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று எழுந்திருப்பவரை எந்தத் தியேட்டரிலும் தவிர்க்க முடியாது. இயக்குநரும் பாவம், இதே பதிலைப் பத்து இடத்தில் சொல்லிச் சலித்துப்போய் வந்திருப்பார். இயக்குநரை விடுங்கள், கூட வேலை செய்தவர்களைக் கூப்பிடுங்கள். ஒருமுறை, படத்துக்கு நடை, கதவு மாதிரி ஓசைகளைச் செய்து கொடுக்கும் ஒலி ஆள் ஒருவர் வந்தார். சோளமாவு அடைத்த ஒரு தோல் பையை மேசையில் வைத்து, விளக்கை அணைக்கச் சொல்லி, இரண்டு கையாலும் அழுத்தினார். யாரோ பனியில் எங்களை நோக்கி நடந்து வந்தார்கள். ஒன்றரை நிமிடம்தான். அன்றைய படத்தின் பெயர் மறந்துவிட்டது, அந்த நடை மறக்கவில்லை.

விளக்கை முழுதாக அணைக்காமல், ஒலியைக் குறைத்து, நடுவில் எழுந்து நடக்கலாம் பேசலாம் என்று நடத்தும் இளகிய காட்சிகள், கைக்குழந்தையோடு வரும் காட்சிகள், காது கேளாதவர்களுக்கு வசனமும் ஓசையும் எழுத்தில் ஓடும் காட்சிகள். இவையும் தாளில் இருக்கின்றன, யாரும் புலம்புவதில்லை, ஏனென்றால் யாரும் கவனிப்பதே இல்லை. எனக்கு இதில் ஒரு குறை. எழுத்தோடு கூடிய காட்சி எப்போதும் வேலை நாள் காலை பதினொரு மணிக்கே வருகிறது. காது கேளாதவர்களுக்கும் ஆபீஸ் உண்டே? மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலை கொடுத்தால் என்ன? எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

சரி, புலம்பிய நண்பருக்கு வருகிறேன். 1947-ல் நியூயார்க்கில் அமோஸ் வோகல், மார்சியா வோகல் என்ற தம்பதி 'சினிமா 16' என்று ஒரு திரைப்படக் கழகம் ஆரம்பித்தார்கள். தணிக்கையில் மாட்டாமலிருக்க உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நடத்தினார்கள். அதனால் படத்துக்குப் படம் டிக்கெட் கிடையாது, பருவம் முழுவதற்கும் சந்தா. அறிவியல் ஆவணப் படம் ஒன்று ஓடும், அதற்கு அடுத்தே ஒன்றுமே புரியாத ஒரு பரிசோதனைப் படம் ஓடும். பிடிக்காதவர்கள் கத்தியிருக்கிறார்கள், மறுபடியும் வந்திருக்கிறார்கள். உச்சத்தில் 7,000 பேர் வரை உறுப்பினர்கள். 1963 வரை தாக்குப் பிடித்தது. அந்த ஏழாயிரம் பேரும் வாங்கியது படத்தை இல்லை, தேர்ந்தெடுக்கிற ஆளின் மேல் வைத்த நம்பிக்கையை. நாமோ தாளில் இருக்கிற படங்களில் ஏற்கெனவே பார்த்தவற்றுக்கு வட்டம் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றுமில்லை என்கிறோம்.

புதுப் படத்துக்கும் இதே கதைதான். பல நாடுகளில் வெள்ளி, சனி, ஞாயிறு வசூலைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமைதான் அடுத்த வாரம் எது ஓடும், எது போகும் என்று முடிவு செய்கிறார்கள். "நல்லா இருக்குன்னு கேள்விப்பட்டேன், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நாம் சொல்வது அந்தத் திங்கட்கிழமைக்குத் தெரியாது. பார்க்க நினைத்தால் முதல் மூன்று நாளில் போய்விடுங்கள். ஒரே காட்சி என்றால் முன்பதிவு செய்யுங்கள். கடைசி நாள் வரை நாலு டிக்கெட்தான் போயிருக்கிறது என்றால், அடுத்த முறை அந்த மாதிரிப் படத்தைப் போட அவர்கள் இரண்டு முறை யோசிப்பார்கள். அந்த இடத்தில் எது வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் கூடப் பாடுவேன்.

ஒரு தியேட்டரை எடைபோட எனக்கு ஒரு சின்னப் பழக்கம் உண்டு. விளம்பரம் முடிந்து படம் தொடங்கும் முன், திரையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் கறுப்புத் துணி படத்தின் அகலத்துக்குத் தக்கபடி நகர்கிறதா என்று பார்ப்பேன். பெரிய வளாகங்களில் இப்போது பெரும்பாலும் நகர்வதில்லை, ஓரத்தில் சாம்பல் பட்டையோடு அப்படியே விட்டுவிடுகிறார்கள். இங்கே நகர்கிறது. மௌனப் படத்தின் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்துக்கு, பதினொரு பேருக்காக, அன்றைக்கும் நகர்ந்தது.

இந்த மாதத் தாளில் எனக்கு மூன்று வட்டம், ஐந்து அடிக்கோடு, ஒரே ஒரு கேள்விக்குறி. இரண்டாவது பக்கம், கீழே, மடிப்பில் பாதி எழுத்து அழிந்திருக்கிறது. செவ்வாய் இரவு 8.45, ஒரே காட்சி, 71 நிமிடம். 'சிறப்பு' என்று எங்கேயும் இல்லை. நேற்று இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், புலம்பிய நண்பருக்கும் சேர்த்து. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுவார்.