ஈஸ்ட்ரோஜனைக் குறைத்தால் தொப்பை கரையுமா?

"பெண்களைக் குண்டாக்குவதே ஈஸ்ட்ரோஜன்தான், அதைக் குறைத்தால் தொப்பை தானாகக் கரையும்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாராவது ஹார்மோனைக் குறைக்கும் மாத்திரை தேடிப் போய்விடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். விஷயம் கிட்டத்தட்ட நேர்மாறு.

ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் சினைப்பையைப் பெண் எலிகளிடமிருந்து எடுத்துவிட்டால் அவை அதிகம் தின்னும், எடை ஏறும். ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையான எஸ்ட்ரடையாலைக் கொடுத்தால் தீனி மறுபடி குறைந்துவிடும். பசியைக் கவனிக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் இந்த ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன; அங்கே அது பசியை அடக்கும் பக்கம்தான் நிற்கிறது. பெண்களும் கருமுட்டை வெளிவரும் நாட்களையொட்டி, அதாவது ஈஸ்ட்ரோஜன் உச்சம் தொட்டு வரும்போது, சற்றுக் குறைவாகவே சாப்பிடுகிறார்கள்.

கொழுப்பு எங்கே தங்கும் என்பதிலும் அதற்குப் பங்குண்டு. அது இருக்கும்வரை தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கடியில் சேரும். மாதவிடாய் நின்று அது குறைந்தபின் வயிற்றுக்குள் குடியேறத் தொடங்கும். எடைக் கருவி பழைய எண்ணையே காட்டினாலும், வயிற்றுச் சுற்றளவு ஏறியிருக்கலாம். அந்த வயதில் கூடும் எடை முழுவதையும் ஹார்மோன் தலையில் கட்டவும் முடியாது. வயதும் தசை இழப்பும் பெரிய காரணங்கள்.

ஆண்களுக்கும் இது பொருந்தும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுத்தபோது உடல் கொழுப்பு கூடியது.

அப்புறம், மாதவிடாய் நின்ற பெண்களில் குண்டானவர்களுக்கு ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் அதிகம் என்கிறீர்கள். அது சரி. ஆனால் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதிதான் அதைத் தயாரிக்கிறது. விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டீர்கள், பதிவைத் திருத்திவிடுங்கள்.