கொலம்பஸ் நின்ற இடத்துக்கு இன்னொரு கப்பல்தான் வரவேண்டும்

எங்கள் பக்கத்துக் கடற்கரைப் பூங்காவில் கொலம்பஸை, அதாவது ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும் கப்பல் ராட்டினத்தை, கழற்றிவிட்டார்கள். போன வாரம் கேஸ் கட்டர் வைத்து அறுத்து, லாரியில் ஏற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியாகிவிட்டது. கப்பலின் முனையில் இருந்த சிங்க முகம் ஃபைபர் என்பதால் எடைக்கு எடுக்கவில்லை. வேலியோரம் மல்லாந்து கிடக்கிறது. என் சின்ன மகள் அதைப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை பேசவே இல்லை.

பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

முதலில் ஒன்று. கழற்றியது சரிதான். நான் மண்டபத்தில் படகு இன்ஜினும் ஷாஃப்டும் பார்க்கிற பட்டறைக்காரன். ஆறு மாதத்துக்கு முன்பே அந்தக் கொலம்பஸின் கால் தூணை விரலால் தட்டிப் பார்த்தேன். கணீர் என்று வரவேண்டிய சத்தம் பொத் என்று வந்தது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்த இடத்தில் நகத்தால் சுரண்டினால், துரு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது. வெளியே தெரிவது கொஞ்சம்தான். பெட்டி போல மூடிய இரும்புக்குள் ஈரக்காற்று புகுந்தால் உள்ளிருந்து தின்னும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். அதைவிடக் கொடுமை, ராட்டினத்தை வாராவாரம் கழுவியது அங்கேயே போட்ட போர் தண்ணீரில். அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். துருப்பிடிக்க வைக்கும் வேலையைக் கூலி கொடுத்துச் செய்திருக்கிறார்கள்.

2025 மே மாதம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் ராட்டினம் நடுவானில் நின்று, குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் தொங்கியதும், தீயணைப்புத் துறையினர் வந்து இறக்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒன்று இங்கே நடக்குமுன் கழற்றினார்களே, அதற்கு நன்றி.

என் வருத்தம் அடுத்து வரப்போவதைப் பற்றியது. மேலாளரிடம் கேட்டேன். "விஆர் ரூம் போடலாம்னு இருக்கோம்ணே, இல்லன்னா உயரமா ஒரு டிராப் டவர்" என்றார். முதலாவது கண்ணில் கண்ணாடி மாட்டிக் கற்பனைக் காட்சி பார்க்கும் அறை. இரண்டாவது ஆட்களை உயரே தூக்கிச் சட்டென்று கீழே விடும் கோபுரம். பக்கத்தில் நின்ற இன்னொருவர் பிரேக் டான்ஸ் ராட்டினம் என்றார். மூன்றுமே வேண்டாம் என்கிறேன்.

தண்டவாளம் எதுவும் இல்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றுவதையும் ஆடுவதையும் இந்தத் தொழிலில் ஃபிளாட் ரைடு என்பார்கள். டோரா டோரா, கப் அண்ட் சாசர், குடை ராட்டினம் எல்லாம் அந்தச் சாதிதான். கொலம்பஸும் அதில் ஒன்று. 1890களிலேயே அமெரிக்காவில் மார்ஷல் என்பவர் 'ஓஷன் வேவ்' என்ற பெயரில் இதற்கு மூத்த ஒன்றைச் செய்திருக்கிறார். இன்றைக்கும் பெரும்பாலான கொலம்பஸ்களின் ரகசியம் எளிமையானது. கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே மோட்டாரில் ஒரு ரப்பர் டயர். கப்பல் தாழ வரும்போது அது உரசித் தள்ளும். ஊஞ்சலில் பிள்ளையை ஆட்டும்போது எந்த நேரத்தில் கை கொடுப்போமோ அதே கணக்கு. அங்கே லிவர் பிடித்த தம்பி கண்ணால் பார்த்து ஓட்டமாட்டான், அந்தக் கிர்ர் சத்தத்தைக் காதில் வாங்கித்தான் அழுத்துவான். டயர் சூடான வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

இதில் பெரிய விஷயம் உட்காரும் இடம். நடு வரிசை அவ்வளவு உயரம் போகாது. ஓர வரிசைதான் உச்சிக்குப் போய், ஒரு கணம் உடம்பில் எடையே இல்லாமல் நிற்கும். அதனால் ஒரே கப்பலில் அவரவர் பயத்துக்குத் தக்க இடம் கிடைத்தது. என் அம்மா நடுவில், மனைவியும் சின்னவளும் அதற்கு அடுத்து, பெரியவன் கடைசி வரிசை. எங்கள் பக்கத்துப் பையன்கள் ஒரு முனையை அணியம் என்றும் மறுமுனையை அமரம் என்றும் சொல்லி இடம் பிடிப்பார்கள். படகில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள பெயர்கள். அதைவிட முக்கியம், இரண்டு பாதியும் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மேலே போனவன் கீழே இருக்கும் தன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். பயப்படுகிறவரைப் பார்த்துச் சிரிக்க எதிரில் ஆள் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், எனக்கு வேலை குவியும், ஊருக்குக் கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில் சின்னப்பாலத்துப் பக்கமிருந்து கடல்பாசி எடுக்கிற பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பாறையில் கை கிழியாமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்குகிறவர்கள். பிள்ளைகளை நடுவில் வைத்துவிட்டு அவர்கள் ஓரத்தில் ஏறினார்கள். கப்பல் மூன்றாவது ஆட்டத்தில் மேலே போனதும் ஒரு வயதான அம்மா, "ஏ ஆத்தா, கடல்ல முங்கையில வராத பயம் இதுல வருதுடீ" என்று கத்த, எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் சிரிக்க, வேலிக்கு வெளியே டிக்கெட் எடுக்காமல் நின்ற நாங்களும் சிரித்தோம். கீழக்கரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தில், "லாத்தா, நாமளும் ஏறுவோம்" என்று தங்கை அக்காவின் கையைப் பிடித்து இழுத்ததும் அப்போதுதான். ஏறாதவர்களுக்கும் அந்தக் கப்பல் சந்தோஷம் கொடுத்தது.

விஆர் அறையில் இது நடக்குமா? ஏசி அறைக்குள் எட்டுப் பேர், ஆளுக்கொரு கண்ணாடி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. வெளியே நிற்பவருக்குப் பார்க்க ஒரு சுவர். வருமானக் கணக்கும் உதைக்கிறது. நாற்பது பேர் ஏறும் கப்பலை ஏற்றி இறக்க ஐந்து நிமிஷம் என்றால் மணிக்கு 480 பேர். எட்டு நாற்காலிக்கு அதே ஐந்து நிமிஷம் வைத்தாலும் 96 பேர்தான். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் வரும் கூட்டம் வரிசையில் நின்றே வீட்டுக்குப் போகும்.

டிராப் டவர் இங்கே காற்றுக்கு நிற்காது. கச்சான் காற்றுக் காலத்தில் பாம்பன் பாலத்தில் காற்று ஓர் அளவைத் தாண்டினால் ரயிலையே நிறுத்துகிறார்கள். உயரமான கோபுரத்தை எத்தனை நாள் ஓட்ட முடியும்? அம்மாவைப் போன்றவர்கள் அதில் ஏறப்போவதும் இல்லை. பிரேக் டான்ஸ் நல்ல ராட்டினம்தான், நானே ரசித்து ஏறியிருக்கிறேன். ஆனால் சுற்றும் மேடை, அதன் மேல் தனித்தனியாகச் சுற்றும் வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் பேரிங். மேடைக்கடியில் மணலும் உப்பும் போய்ச் சேரும். ஒழுங்காகக் கழுவத் தெரியாதவர்களிடம் அதைக் கொடுத்தால் இரண்டு வருஷத்தில் அதுவும் லாரியில் ஏறும்.

"எந்த இரும்பை வைத்தாலும் துருப்பிடிக்கும்ணே" என்பது மேலாளரின் வாதம். இந்தக் கடலோரம் துருவுக்குப் பேர்போனதுதான். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருவை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்தது. ஆனால் இதே உப்புக்காற்றில்தான் 1914இல் திறந்த பாம்பன் பழைய ரயில் பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்தது. சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதுமாக ஆள் அதன் மேல் இருந்துகொண்டே இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு முதலிலேயே துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் யோசித்துச் செய்தார்கள்.

கப்பலுக்கும் அப்படி முன்யோசனை போதும். வெல்டிங் முடிந்தபின் துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ் தூண். பெட்டிக் கம்பிகளில் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை. துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் போட்டால் நடுவில் நைலான் வாஷர், இல்லாவிட்டால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தின்னும். கழுவ நல்ல தண்ணீர் வண்டி. வருஷம் ஒருமுறை பூங்காவோடு சம்பந்தமில்லாத வெளி ஆள் ஒருவரின் உறுதிச் சான்று, அதை டிக்கெட் கவுண்டரில் ஒட்டவேண்டும். இது எதுவும் நடக்காத காரியம் இல்லை. படகுக்காரர்கள் தினம் செய்கிற பாதுகாப்புதான்.

இன்னொரு ஆசை. இந்த முறை சிங்க முகமும் மண்டை ஓட்டுக் கொடியும் வேண்டாம். நம் வல்லம் படகு போலச் செய்து, நம் ஆட்களை வைத்தே சாயம் அடிக்கச் சொல்லலாம். படகுக்குப் பூ எழுதுகிற கை இங்கே எத்தனை இருக்கிறது!

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பூங்கா வாசலில், கப்பலே வேண்டும் என்ற மனுவோடு நிற்கிறோம். இதுவரை நாற்பத்து மூன்று கையெழுத்து, அதில் பதினொன்று பாசி எடுக்கப் போகிற அம்மாக்கள் போட்டது. வாய்ப்புள்ளவர்கள் வாருங்கள். புதுக் கப்பல் வந்தால் முதல் ஒரு வருஷம் மாதம் ஒருநாள் கூலி வாங்காமல் வந்து போல்ட்டும் பேரிங்கும் பார்த்துத் தருகிறேன் என்று மனுவில் என் கைப்பட எழுதியிருக்கிறேன்.