1994-இல் தொடங்கியதல்ல

"1994-க்கு முன் இந்தியாவில் இதய மாற்று அறுவையை யாரும் முயன்றதே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. டாக்டர் பிரபுல்ல குமார் சென், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1968 பிப்ரவரியிலேயே அதைச் செய்தார். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்றைச் செய்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை! நோயாளி சில மணி நேரத்தில் இறந்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனால் தோல்வி வேறு, முயலாதது வேறு. இதயம் துடித்தாலும் மூளை முற்றிலும் செயலிழந்துவிட்டால் அது மரணமே (மூளைச்சாவு) என்று ஏற்கும் சட்டம் அன்று இங்கில்லை. மாற்று உறுப்பை உடல் நிராகரிப்பதை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தும் இல்லை. நாய்களிடம் ஆண்டுக்கணக்கில் பரிசோதித்த பிறகே சென் மனிதரிடம் வந்தார். 1994 ஆகஸ்டில் டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் செய்தது, இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் இதய மாற்று. மூளைச்சாவை ஏற்ற உறுப்பு மாற்றுச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். "யாரும் முயன்றதே இல்லை" என்பதை "யாரும் வெற்றிகரமாகச் செய்ததில்லை" என்று மாற்றிவிட்டால் அவர் எழுதிய வரி சரியாகிவிடும்.