யானை சிங்கக்குட்டியைத் தூக்கிச் சென்றதா?

வெயிலில் துவண்ட சிங்கக்குட்டியை யானை தும்பிக்கையில் ஏந்திப் போகிறது, தாய்ச் சிங்கம் கூடவே நடக்கிறது. 'இந்த நூற்றாண்டின் சிறந்த படம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் இது ஒட்டுவேலை.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காக் காட்சிகளைப் பகிரும் ஒரு ட்விட்டர் கணக்கு, 2018 ஏப்ரல் 1 அன்று குறும்புக்காகப் போட்ட படம். எடுத்தவர் பெயர் 'ஸ்லூஃப் லிர்பா' (Sloof Lirpa)வாம். ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படியுங்கள்: 'ஏப்ரல் ஃபூல்ஸ்'!

சரி, நிஜத்தில்? சிங்கத்தைக் கண்டால் யானைகள் குட்டிகளை நடுவில் விட்டுச் சூழ்ந்து நிற்கும், விரட்டவும் செய்யும். கென்யாவின் அம்போசெலியில் ஆய்வாளர்கள் சிங்க உறுமலை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். அதிக ஆபத்தான ஆண் சிங்கத்தின் குரலைச் சரியாகப் பிரித்தறிந்தவை, வயதான தலைவி இருந்த கூட்டங்கள்தான். பெரிய தந்தத்துக்காக வேட்டைக்காரர்கள் குறிவைப்பதும் அப்படிப்பட்ட மூத்த யானைகளைத்தான்.