கொடி எந்தப் பக்கம் பறக்கும்?

பாய்மரக் கப்பல்களை வரைந்து விற்கும் என்னிடம் ஏறத்தாழ ஒவ்வொரு வாடிக்கையாளரும், கொடியைக் கப்பலின் பின்பக்கமாகப் பறக்கும்படி மாற்றித் தரச் சொல்வது பெரும் எரிச்சலாக இருக்கிறது. பின்னாலிருந்து வீசும் காற்றில் பாய் புடைத்து ஓடும் கப்பல் அந்தக் காற்றைவிட மெதுவாகவே செல்வதால், கொடி முன்னோக்கித்தான் பறக்கும். இயந்திரக் கப்பலைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது பிழையாகத் தெரிகிறது. சரக்குக் கப்பல் கேட்பவர்களோ, மேல்தளம் நிறையக் கொள்கலன்களும் வேண்டும், அடிப்பகுதியில் பூசிய சிவப்பு வண்ணமும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்கிறார்கள்; பாரம் ஏற ஏற அந்தச் சிவப்பு நீருக்குள் போய்விடும் என்றால் முகம் சுளிக்கிறார்கள்.

மறுத்துப் பேசினால் உடனே ஆங்கில ஓவியர் டர்னரை இழுக்கிறார்கள். 1838இல் உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்பட்ட ‘டெமரேர்’ போர்க்கப்பலில் அப்போது பாய்மரங்களே இல்லை. மறு ஆண்டு காட்சிக்கு வைத்த ஓவியத்தில் அவர் அவற்றை நிமிர்த்தி நிறுத்தியிருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அதை அவர் தம் விருப்பத்துக்குச் செய்தார், அந்த ஓவியத்தை யாருக்கும் விற்கவும் இல்லை. எனக்கோ மிச்சப் பணம் கைக்கு வரும்வரை, அவர்கள் சொல்லும் திருத்தங்களையெல்லாம் செய்தாக வேண்டியிருக்கிறது.